இருவாச்சியை வெளுத்துக் கொடுத்த ஃபோட்டோ கடை

மூன்று ஸ்டார். முதல் பிரிண்ட்டுக்கு ஒன்றுகூடத் தேறாது, இரண்டாவதுக்காகத்தான் இவ்வளவு.

பிப்ரவரியில் வால்பாறை போயிருந்தோம். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்த என் தம்பி மகன்தான், எஸ்டேட் ஓரத்து மரத்தில் பெரிய இருவாச்சிப் பறவையை (ஹார்ன்பில்) முதலில் பார்த்தான். ஆண். பெண் மரப்பொந்துக்குள் போய், எச்சத்தையே சாந்தாகப் பூசி வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் தொண்டையில் அத்திப்பழங்களை அடக்கி வந்து, விட்டுவைத்த கீறல் வழியாக ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். கூட வந்தவர் எங்களைக் கிட்டே விடவில்லை. இது மிரண்டு வராமல் போனால் உள்ளே இருப்பது பட்டினி கிடக்கும். அதனால் படம் தூரத்திலிருந்து எடுத்ததுதான்.

அதை 12க்கு 18 அங்குலத்தில் பிரேம் போட ராயபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். வாங்கப் போனால், கழுத்தும் இறக்கைப் பட்டையும் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன.

“அழுக்கா இருந்துச்சுக்கா, கிளீன் பண்ணிட்டேன்” என்றான் கம்ப்யூட்டரில் இருந்த பையன்.

அழுக்கா? வாலடியில் சுரக்கும் எண்ணெயை அந்தப் பறவை அலகால் எடுத்துப் பூசிப் பூசி ஏற்றிய மஞ்சள் அது! கண்ணையும் விடவில்லை, ஃப்ளாஷ் சிவப்பு என்று நினைத்துக் கறுப்பாக்கியிருந்தான். ஆணுக்குச் சிவப்புக் கண், பெண்ணுக்கு வெள்ளைக் கண். இது எதிலும் சேர்த்தி இல்லை. பொந்து விழுகிற பெரிய மரங்கள் காட்டில் குறைந்துகொண்டே போக, 2018இல் இதை அழியும் அபாயமுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். இருக்கிற கொஞ்சத்தையும் நாம் ராயபுரத்தில் உட்கார்ந்து உருமாற்ற வேண்டுமா?

சரி, நல்லதையும் சொல்கிறேன். போனில் ஒரிஜினலைப் பெரிதாக்கிக் காட்டியதும் பையன் “நெசமாவே மஞ்சளா!” என்று ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டே நாளில் காசு வாங்காமல் மறுபடி போட்டுக் கொடுத்தான். மேட் பேப்பர், டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்கவில்லை. கழுத்து மஞ்சள் அப்படியே வந்திருக்கிறது. பிரேமில் ஒரு மூலை மட்டும் சரியாகச் சேரவில்லை. எங்கள் வீடு காசிமேடு, உப்புக்காற்றில் இரும்புக் கொக்கி நிற்காது என்றதும் ஓனர் பித்தளைக் கொக்கி மாற்றினார். மொத்தம் 1,400 ரூபாய்.

கொடுக்கும்போது ‘கலரில் கை வைக்காதீர்கள்’ என்று கவர் மேலேயே எழுதிவிடுங்கள். அந்த வெள்ளை இருவாச்சியைத் தம்பி மகன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.