ஒதுக்குப்புற வீட்டுக்கு 4ஜி சோலார் கேமரா: ஒரு மதிப்பீடு

கூப்பிடு தூரத்தில் பக்கத்து வீடு இல்லாத இடத்தில் குடியிருப்பவர்களுக்கு, வைஃபையை நம்பி இயங்கும் கேமராவால் பெரிய பயன் இல்லை. மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும். திருட வருபவன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாலே கேமராவின் கதை முடிந்தது. சிம் கார்டில் பேசி, சூரிய ஒளியில் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும் 4ஜி சோலார் கேமரா இந்தக் குறையைத் தீர்க்கிறது. அத்தகைய ஒன்றை வெளிவாசலில் மாட்டிப் பயன்படுத்திவருகிறேன். வயர் இழுக்காமல் கம்பத்திலோ மரத்திலோ பொருத்த முடிவதே இதன் முதல் நன்மை. வீட்டுக்கதவை நெருங்கும் முன்பே, வாசலில் கால் வைக்கும்போதே ஆள் வருவது தெரிந்துவிடுகிறது.

ஆனால், இது எந்நேரமும் விழித்திருக்கும் கருவி அன்று என்பதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த இது பெரும்பாலான நேரம் உறக்க நிலையில்தான் இருக்கும்; உடல் வெப்பம் நகர்வதை பிஐஆர் சென்சார் உணர்ந்த பிறகே கேமரா விழித்துப் பதிவைத் தொடங்குகிறது. அதற்குள் ஓரிரு நொடிகள் கழிந்துவிடுவதால், விரைந்து கடப்பவரின் முகத்துக்குப் பதிலாக முதுகுதான் பதிவாகும். பார்வைப் பரப்பைக் குறுக்கே கடக்கும் ஆளை இந்தச் சென்சார் எளிதில் பிடித்துக்கொள்ளும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகவே உணரும். எனவே நடைபாதைக்கு நேரெதிரே மாட்டாமல், சற்றுப் பக்கவாட்டில் திருப்பி மாட்டுவது நல்லது. சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை எட்டும் கோடை நண்பகலில் சென்சார் தடுமாறுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரவுக் காட்சி எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருக்கிறது. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குகள் உள்ள மாடலில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் வெளியே தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரியா, ஆனால் அவற்றின் வீச்சு குறைவு. கேமரா இருப்பது தெரிந்தால் வருபவன் தயங்குவான் என்பதால் எனக்கு முதல் வகையே பிடித்திருக்கிறது. தொல்லை தருவது சிலந்திதான். பூச்சிகளைப் பிடிக்க லென்சுக்கு முன்னால் அது வலை பின்னிவிடுகிறது. அகச்சிவப்பு ஒளியில் ஒவ்வோர் இழையும் வெள்ளைக் கயிறாகத் தடித்துத் தெரிந்து, பின்னாலிருக்கும் வாசலை மறைத்துவிடுகிறது. அவ்வப்போது துணியால் துடைத்தால் போதும்; அப்போதே சோலார் பேனலில் படிந்த தூசியையும் துடைத்துவிடலாம்.

பதிவுகள் கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் சேர்கின்றன. கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும். ஏணியில்லாமல் எட்டாத உயரத்தில் மாட்டுவதும், முக்கியமான பதிவுகள் இணையவழிச் சேமிப்பகமான கிளவுடில் சேரும்படி அமைப்பதும் அவசியம். கிளவுடுக்குத் தனிச் சந்தா கேட்பார்கள் என்பது எரிச்சலூட்டும் விஷயம். கேமராவோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். 2016-இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் பெருமளவில் கைப்பற்றியது.

சைரனும் இருவழிப் பேச்சும் உண்டு. அறிமுகமில்லாதவர் வாசலில் நிற்கும்போது, வீட்டில் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் குரல் கொடுக்க இருவழிப் பேச்சு உதவுகிறது. சைரனைக் கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் அதை அதிகம் நம்ப வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். கேமராவில் போடப்போகும் அதே நிறுவனத்தின் சிம்மைக் கைப்பேசியில் போட்டு, மாட்டப்போகும் இடத்தில் நின்று, வீடியோ அழைப்பில் பேசிப் பாருங்கள். இணையப் போக்குவரத்து நெரிசலாகும் மாலை நேரத்திலும் ஒருமுறை பாருங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் படம் தடையின்றிப் போனால் தாராளமாக வாங்கலாம். படம் உறைந்து நின்றால், இந்தப் பணத்தில் வயர் இழுத்து, ரெக்கார்டரில் இடைவிடாமல் பதியும் கேமராக்களையும் அவற்றுக்கு ஒரு சிறு இன்வெர்ட்டரையும் வாங்குவதே மேல்.