தூண்டில் கடையின் சுவர்

என் மகளுக்கு ஒன்பது வயது. போன கோடை விடுமுறையில் தனக்கென்று ஒரு தூண்டில் ராடு வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எங்கள் காவேரிப்பட்டணத்தில் மூங்கில் கம்பும் தங்கூஸ் நரம்பும் சுலபமாகக் கிடைத்துவிடும். ரீல் வைத்த ராடு என்றால் முன்பெல்லாம் பெங்களூரு போக வேண்டும், இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கி, நுனி உடைந்து வந்ததற்குச் சண்டை போட வேண்டும். இப்போது கிருஷ்ணகிரியிலேயே ஒரு கடை இருக்கிறது. இரண்டு வருடமாக நான் அங்கேதான் வாங்குகிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே போகிறவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் சாமான்களைப் பற்றி. கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். எந்த மீன், எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் எதையும் எடுத்துக் காட்டமாட்டார். ஜிலேபி மீனுக்கு, நெடுங்கல் பக்கம், சின்னப் பெண்ணுக்கு என்றேன். நாலாயிரம் ரூபாய் ராடை நான் கையில் எடுத்தபோது, "அது வேணாம்மா, பாப்பாவுக்குக் கை வலிக்கும்" என்று வாங்கி வைத்துவிட்டு, ஐந்தடி ராடும் சின்ன ரீலும் கொடுத்தார். இரண்டும் சேர்த்து 1,450 ரூபாய். நரம்பை அவரே ரீலில் ஏற்றினார். ஈரத்துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, அதன் வழியாக நரம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்றினார். அப்படிச் சுற்றினால்தான் தளராமல் உட்காரும், வீசும்போது சிக்காது. தூண்டில் முள் கட்டும் முடிச்சையும் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "இறுக்குறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு நனைக்கணும் பாப்பா, இல்லன்னா சூட்டுல நரம்பு செத்துரும்." இதையெல்லாம் ஆன்லைனில் யார் சொல்லித் தருவார்கள்? விராலுக்கான ரப்பர் தவளையும் நன்றாக இருக்கிறது. நரம்பு முறுக்காமல் இருக்க நடுவில் கட்டும் சுழலி மட்டும் மட்டம், இரண்டு விரிந்துவிட்டன. அதை வேறு இடத்தில் வாங்குங்கள்.

இப்போது சுவர். கல்லாவுக்கு மேலே ஒரு லூர் (செயற்கை இரை) கம்பெனி காலண்டர். நீச்சல் உடையில் ஒரு பெண், பெரிய மீனை வெறும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். வலது பக்கச் சுவரில் ஆளுயரப் போஸ்டர். இன்னொரு பெண், அதைவிடக் குறைந்த துணியில், படகில் ராடோடு சாய்ந்து கிடக்கிறார். ரப்பர் புழு பாக்கெட்டிலும் அதே மாதிரிப் படம்.

நரம்பு ஏறும்வரை என் மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, அந்த அக்கா ஏன் மீனை வயித்தோட ஒட்டி வெச்சிருக்காங்க? முள்ளு குத்தாதா?" முந்தின மாதம்தான் ஜிலேபியின் முதுகு முள் விரலில் ஏறி அழுதவள் அவள். மீன் பிடிக்கிறவளின் கேள்வி அது. எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம்தான் நானும் அந்தப் போஸ்டரை ஒழுங்காகப் பார்த்தேன். ராடில் இருப்பது ஸ்பின்னிங் ரீல். அது கம்புக்குக் கீழே தொங்க வேண்டும். படத்தில் மேலே நிற்கிறது. ராடு தலைகீழாக இருப்பதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் ராடைப் பார்க்கப்போகிறவர் யாரும் இல்லை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை, அது அவர் வேலை. படத்தை எடுக்கச் சொன்னவர்களையும் இங்கே கொண்டுவந்து மாட்டியவர்களையும்தான் சொல்கிறேன்.

படம்தானே, பார்க்காமல் போ என்பார்கள். எங்கள் பக்கத்துத் தூண்டில்காரர்களின் வாட்ஸாப் குழு ஒன்று இருந்தது. இருநூறு பேரில் பெண்கள் மூன்று பேர். குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஏரியில் தூண்டில் போட்டு, ஒன்றே முக்கால் கிலோ விரால் ஒன்றை இழுத்தேன். விடியற்காலை, வீட்டு உடுப்போடு போயிருந்தேன். மீனைத் தூக்கிப் பிடித்த படத்தை அந்தக் குழுவில் போட்டேன். வந்த முதல் பதில் மீனைப் பற்றி இல்லை, என் நைட்டியைப் பற்றி. இரண்டாவதும் அப்படித்தான். மீன் எத்தனை கிலோ, என்ன இரை என்று ஒருவரும் கேட்கவில்லை. படத்தை அழித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கண்ணைப் பழக்கிவிட்டது இந்த மாதிரிச் சுவர்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் ஊரில் பெண்ணும் மீனும் புதிய சங்கதியே இல்லை. என் பாட்டி வாய்க்காலில் முந்தானையை விரித்து அயிரை அள்ளுவாள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கு வறுத்த மீன் சாப்பிடப் போனவர்களுக்குத் தெரியும், எத்தனை கடையில் செதில் சுரண்டி, அறுத்து, மசாலா தடவுவது பெண்களின் கை என்று. அந்தக் கைகளில் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை.

கடைக்காரரிடம் சொன்னேன். "கம்பெனிக்காரங்க குடுத்ததும்மா. சுவரு சும்மாதானே கெடக்குதுன்னு மாட்டினேன். வர்றதெல்லாம் ஆம்பளைங்கதானே" என்றார். "ரெண்டு வருஷமா நான் வர்றேனேண்ணா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பெண்களை இழிவாகச் சித்தரிக்கும் விளம்பரங்களுக்கு எதிராக 1986-லேயே சட்டம் வந்திருக்கிறது. ஆனால் சட்டம் பேச நான் அங்கே போகவில்லை. வியாபாரத்துக்கு இது தேவை என்கிற பேச்சைத்தான் நான் ஏற்கமாட்டேன். பந்தயக் கார்களுக்கு முன்னால் மாடல் பெண்களை நிறுத்தும் வழக்கத்தை ஃபார்முலா 1 2018-ல் விட்டுவிட்டது. அதனால் பந்தயம் ஒன்றும் நின்றுபோகவில்லை.

ஆடி மாதம் எட்டாம் நம்பர் முள் வாங்கப் போனபோது கல்லாவுக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. காலண்டரைக் கழற்றியிருந்தார். பெரிய போஸ்டர் அப்படியே இருந்தது. நான் ஒரு படம் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண், ஸ்காட்லாந்துக்காரர். 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் அப்பாவோடு படகில் போய், 64 பவுண்டு சால்மன் மீனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடி இழுத்தவர். பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த சால்மன்களில் இன்றுவரை அதுதான் பெரியது. படத்தில் முழு உடுப்போடு மீன் பக்கத்தில் நிற்கிறார்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எத்தன கிலோம்மா?"

"இருபத்தொன்பதுண்ணா."

"ராடுலயா? வலையில்லயா?"

"ராடுலதான்."

மறுபடி படத்தைப் பார்த்தார். "என்ன இரை போட்டாங்களாம்?"

சின்ன மீன் ஒன்றை இரையாகக் கோத்திருந்தார் என்றேன். படத்தைக் கல்லாக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு முள்ளை எண்ண ஆரம்பித்தார்.