ஹைட்ராலிக் ஃபிக்சருக்குக் கொடுத்துத் தொலைத்த ரூ. 1,85,000

நாகர்கோவில் கோணத்தில் ஒரேயொரு வி.எம்.சி. இயந்திரத்தை (கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டுவது) வைத்துப் பிழைக்கும் நான், ஒரு வடிவமைப்பாளரை நம்பி ரூ. 1,85,000 இழந்திருக்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

வேலை, வள்ளங்களில் மாட்டும் எஞ்சினுக்கான அலுமினிய கியர் உறை. அதிலுள்ள 62 மி.மீ. பேரிங் துளை 0.030 மி.மீ.க்கு மேல் பெரிதாகக் கூடாது. ஒவ்வோர் உறையையும் நட்டு முடுக்கிப் பிடிப்பதற்கே ஆறு நிமிடம் போவதால், எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் கிளாம்ப் வைத்த ஃபிக்சர் (வெட்டும்போது உறையை அசையாமல் பிடிக்கும் சாதனம்) வேண்டுமென்று, வடிவமைப்பாளர்களை அமர்த்தித் தரும் இணையதளம் ஒன்றில் கேட்டிருந்தேன்.

அங்கே கிடைத்த வடிவமைப்பாளர் நேரிலேயே வந்தார். உறையைக் கையிலெடுத்து, மெல்லிய சுவரை நகத்தால் தட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இத அமுக்கிப் பிடிச்சா ஓட்டை முட்டை மாதிரி ஆயிரும், பாத்துத்தான் செய்யணும்" என்றார். நான் சொல்ல வாயெடுத்ததை அவரே சொன்னதில் மயங்கிப்போனேன். தளத்தின் கமிஷன் மிச்சமாகும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, அன்று மாலையே முன்பணத்தையும் பிறகு மீதியையும் நேரடியாக அவருடைய கணக்குக்கே அனுப்பினேன். மொத்தம் ரூ. 1,85,000.

ஃபிக்சர் வந்தது. முதல் உறையின் முகத்தைச் சீவும்போதே அது நகர்ந்தது. அவருடைய கணக்குத் தாளில் ஒவ்வொரு ஸ்விங் கிளாம்பும் (கை திரும்பி வந்து மேலிருந்து அழுத்தும் கிளாம்ப்) 70 பார் அழுத்தத்தில் சுமார் 900 கிலோ விசையோடு பிடிக்கும் என்றிருந்தது, 40 மி.மீ. சிலிண்டரின் முழுப் பரப்பையும் எடுத்துப் பெருக்கியிருக்கிறார். ஆனால் அந்தக் கிளாம்ப், சிலிண்டருக்குள் ஓடும் தண்டான ராடை உள்ளே இழுத்துத்தான் பிடிக்கிறது என்பதால், 22 மி.மீ. ராடு அடைத்துக்கொள்ளும் பரப்பைக் கழித்தால் கிடைப்பது 625 கிலோதான். கிளாம்பின் கை நீள நீள அதுவும் குறையும். அவர் போட்டிருந்ததோ நீளமான கை.

தொலைபேசியில் கேட்டபோது, "பிரஷர நூறு பாருக்கு ஏத்துங்க" என்றார். ஏற்றினேன், உறை நகரவில்லை. ஆனால் கிளாம்பை விட்ட பிறகு துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டுத் திருப்பினால் முள் 0.06 மி.மீ. வரை ஆடியது. கிளாம்ப் அழுத்தும் இடத்துக்கு நேர் கீழே தாங்கு திண்டே இல்லை. வளைந்த நிலையில் வெட்டிய உறை, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. முட்டை மாதிரி ஆகிவிடும் என்று சொன்ன மனிதர்தான் இதை வரைந்தவர்.

அதன்பின் வார்ப்பில் குறை என்றார். எண்ணெயில் காற்று சிக்கியிருக்கும் என்றார். என் பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார். பிறகு திருவனந்தபுரத்தில் கல்யாணத்தில் இருக்கிறேன் என்றார். இப்போது நீல டிக் மட்டும் வருகிறது. பணம் தங்கள் வழியாக வராததால் பொறுப்பில்லை என்று தளத்திலிருந்து இரண்டு வரி வந்தது. அதே மின்னஞ்சலின் அடியில், சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

யாரும் ஏமாறாதிருக்க விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். கணக்கில் ராடின் பரப்பு கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்குத் தந்ததில் அதுவும் இல்லை. ஓர் உறையை வெட்டி, கிளாம்பை விட்டு, அளந்து காட்டும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

ரூ. 1,85,000 இப்போது சாக்கைப் போர்த்திக்கொண்டு மேசைக்கடியில் கிடக்கிறது. இன்று காலையும் நட்டு முடுக்கித்தான் பன்னிரண்டு உறைகளை முடித்தோம்.