தைராய்டை 'ரிவர்ஸ்' செய்கிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை: என் 1.9 ரிப்போர்ட்டின் கதை

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர் நான். வயது 41. ஏழு வருடமாக ஹாஷிமோட்டோ தைராய்டு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைப் பகையாளி என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும் நோய் அது. போன வருடம் ஓர் ஆன்லைன் கோர்ஸில் 29,500 ரூபாயையும் நாலு மாத ஆரோக்கியத்தையும் தொலைத்தேன். பணம் போனால் போகட்டும் என்று சொல்கிற வசதி எனக்கு இல்லை, அது என் ஒன்றரை மாதச் சம்பளம். இருந்தாலும் என்னை இதை எழுத வைத்தது, எனக்குக் குணமாகிவிட்டது என்று காட்டிய ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

தினமும் காலையில் 100 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் மாத்திரை போட்டுக்கொண்டு, டி.எஸ்.எச். 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒழுங்காகத்தான் இருந்தது. தைராய்டு சுரப்பியை வேலை வாங்குகிற ஹார்மோன் அது, தைராய்டு குறைந்தால் இது ஏறும். முடி கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் வந்தால் சோபாவை விட்டு எழ முடியாது. அந்த நேரம் பார்த்து போனில், மாத்திரையே இல்லாமல் தைராய்டை 'ரிவர்ஸ்' செய்கிறேன் என்ற ஓர் அம்மாவின் வீடியோ வரிசையாக வர ஆரம்பித்தது. ஹார்மோன் கோச் என்று பெயருக்குக் கீழே போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு, முதல் இருபது பேருக்கு மட்டும் சலுகை. எத்தனை வாரம் பார்த்தாலும் அதே முதல் இருபது பேர்தான். நான் அதை அப்புறம்தான் கவனித்தேன்.

"சிஸ்டர், நீங்க சாப்பிடறது மருந்து இல்ல, ஊன்றுகோல். கம்பெனிக்காரன் கண்டுபிடிச்ச நோய்க்கு அவனே விக்கிற கெமிக்கல்" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் இந்த நோயை 1912-ல் எழுதினார், நாலு பெண்களின் கழலையை வெட்டி எடுத்து ஆராய்ந்துவிட்டு. இந்த மாத்திரையில் இருக்கிற தைராக்சின் ஹார்மோனை அமெரிக்காவில் கெண்டல் என்ற வேதியியலாளர் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 1914 கடைசியில். இந்த மருந்து பிறப்பதற்கு முன்னாலேயே நோய் புத்தகத்தில் ஏறிவிட்டது. அப்புறம் அந்த 'கெமிக்கல்', நம் சுரப்பி சுரக்கிற அதே ஹார்மோன்தான். சுரப்பியால் முடியாததை மாத்திரை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

90 நாள் கோர்ஸுக்கு 18,500. சத்து மாத்திரை டப்பாக்களுக்குத் தனியாக 11,000. முதல் இரண்டு வாரம் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். டாக்டரிடம் கேட்கவில்லை. அது என் தப்பு, அதை யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். லெவோதைராக்சினை நிறுத்தினால் மறுநாளே படுத்துவிட மாட்டோம். ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மிச்சமிருப்பது பாதியாக இன்னொரு வாரம். அதனால் முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியாது. இனிப்பையும் டீக்கடை பஜ்ஜியையும் விட்டதில் எனக்கு இரண்டு கிலோ வேறு குறைந்திருந்தது. "பாத்தீங்களா சிஸ்டர்!" என்றார்கள். நானும் பார்த்தேன்.

சாப்பாட்டு விதிகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோதுமை கூடாது, பால் கூடாது, காபி கூடவே கூடாது, முட்டைக்கோஸ் வாசனைகூடப் படக்கூடாது. எங்கள் வீட்டில் கோதுமை என்றால் ராத்திரி சப்பாத்தி, எப்போதாவது ரவை உப்புமா. அதை விடுவதில் கஷ்டம் இல்லை. ஒருநாள் சாம்பாருக்குத் தாளிக்கும்போது பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதில் மைதா மாவு என்று எழுதியிருக்கிறது. கோர்ஸ் குரூப்பில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருப்பவர்கள் கட்டாயம் அதை விட வேண்டும். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அது கூடவே வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எனக்கு அந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முட்டைக்கோஸைப் பொறுத்தவரை, வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடுகிற அளவில் தைராய்டு ஒன்றும் ஆகாது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

உப்பு விஷயம்தான் உச்சம். அயோடின் கலந்த தூள் உப்பு விஷம், இந்துப்புக்கு மாறுங்கள் என்றார்கள். மாறினேன். அதே வாரம் கூரியரில் வந்த டப்பா ஒன்று, கெல்ப் என்ற கடற்பாசி மாத்திரை. கடல்பாசி என்றதும் எதிர்வீட்டு அக்கா நோன்புக்குக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிற ஜெல்லிதான் என் நினைவுக்கு வந்தது. அது வேறு, இது வேறு. லேபிளில் ஒரு மாத்திரைக்கு 325 மைக்ரோகிராம் அயோடின், தினம் இரண்டு போட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150. உப்பில் இருந்தால் விஷம், அவர்கள் டப்பாவில் இருந்தால் அமிர்தம். அதிக அயோடின் ஹாஷிமோட்டோவை இன்னும் மோசமாக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. செலினியம் என்ற தாதுச் சத்தும் அப்படித்தான். இரண்டு டப்பாவில் இருந்ததையும், தினம் மூன்று தின்னச் சொன்ன பிரேசில் கொட்டையையும் கூட்டினால், நாளுக்கு 400 மைக்ரோகிராம் என்ற உச்சவரம்பைத் தாண்டிவிடும். செலினியம் அளவுக்கு மீறினால் வருவது என்ன தெரியுமா? முடி கொட்டுவது.

அந்த முடிக்கு என்று தனியாக ஒரு கேப்ஸ்யூல் இருந்தது. பயோட்டின் என்ற வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். தேவை 30. கதையே இந்த டப்பாவில்தான் இருக்கிறது.

இரண்டாவது மாதம் முடிகிற நேரத்தில் உடம்பு சொல்ல ஆரம்பித்தது. ஆகஸ்ட் வெயிலில் மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்க, நான் ஃபேனை அணைக்கச் சொல்வேன். மலச்சிக்கல். வளையலைக் கழற்ற சோப்பு போட வேண்டியிருந்தது. வகுப்பில் ஒரு பையன், "மிஸ், உங்க குரல் எங்க பெரியப்பா மாதிரி இருக்கு" என்றான், பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். ஊரிலிருந்து வந்த அத்தை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முகத்தையே பார்த்துவிட்டு, "என்னம்மா மூஞ்சி இப்படி ஊதிக் கெடக்கு, முழுகாம இருக்கியா?" என்றார். 41 வயதில்.

கோச்சுக்குப் போட்டோ அனுப்பினேன். நச்சு வெளியேறுகிறது, இதுதான் குணமாவதன் அறிகுறி, பயப்படாதீர்கள் என்று பதில். நச்சு வெளியேறினால் முகம் வற்ற வேண்டாமா என்று கேட்கத் தோன்றவில்லை. மூளையும் மந்தமாகத்தான் இருந்தது, அதுவும் இந்த நோயின் வேலையே.

75-ஆவது நாள் ரத்தப் பரிசோதனை. "காலைல எல்லா கேப்ஸ்யூலும் போட்டுட்டு, ஒன்பதரைக்கு மேல ரத்தம் குடுங்க சிஸ்டர், ஸ்கிப் பண்ணிடாதீங்க" என்று சாட்டில் வந்தது. அது இன்னும் என் போனில் இருக்கிறது. அப்படியே செய்தேன். சாயங்காலம் ரிப்போர்ட் கைக்கு வந்தது. டி.எஸ்.எச். 1.9. டி4 என்ற தைராய்டு ஹார்மோனும் நார்மல். மாத்திரையே இல்லாமல்! ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டு அழுதேன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டரை மாதத்துக்குப் பிறகு திருட்டுத்தனமாக ஒரு ஃபில்டர் காபி போட்டுக் குடித்தேன். அப்புறம் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். நூற்றுக்கணக்கில் இதயம், கைதட்டல்.

அடுத்த இரண்டு வாரத்தில் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் பேசாமல் ஆட்டோவைக் கூப்பிட்டு எங்கள் பழைய டாக்டரிடம் அழைத்துப் போனார். ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியில் முட்டிபோட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே தசைநாரைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு, சோம்பேறிப் பிள்ளை படுக்கையில் திரும்பிப் படுப்பதுபோல மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தது. இன்னொரு தடவை தட்டினார். மறுபடியும் அதே மெதுவு.

"ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, உங்க கால் வேற ஒண்ணு சொல்லுது" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "முடிக்கு ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா?"

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நிறைய லேப் மெஷின்களில் ஹார்மோனைப் பிடித்து அளக்க பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசை மாதிரி பயன்படுத்துகிறார்கள். நம் ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிரம்பி வழிந்தால், அந்தப் பசையில் அது போய் ஒட்டிக்கொள்ளும். விளைவு, டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும் டி4 இருப்பதைவிடக் கூடுதலாகவும் வரும். எல்லா மெஷினும் இப்படி இல்லை, ஆனால் எந்த லேபில் எது என்று நமக்கு எங்கே தெரியும்? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 நவம்பரிலேயே இதை எச்சரித்திருக்கிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் பரிசோதனை இதே காரணத்தால் தவறாகக் குறைந்து காட்டி, ஒருவர் இறந்துபோனதையும் அதில் சொல்லியிருந்தார்கள். தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது அங்குள்ள தைராய்டு மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

என்னை நாலு நாள் எல்லா டப்பாவையும் மூடி வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார். டி.எஸ்.எச். 78. கொலஸ்ட்ரால் 284, அதுவும் தைராய்டு குறைந்ததால் ஏறியதுதான்.

கேப்ஸ்யூல் போட்டுவிட்டே ரத்தம் கொடு என்று தெரிந்து சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா? நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தெரிந்து சொன்னால் மோசடி. தெரியாமல் சொன்னால், இதுகூடத் தெரியாதவர்கள் எங்கள் மாத்திரையை நிறுத்த யார்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். என் 'கமிட்மென்ட்' போதவில்லையாம். இரண்டாவது தடவை கேட்டதும் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள், போன் எடுப்பதில்லை. டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. சத்து மாத்திரைகளில் அதை அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. டப்பா உண்மையைச் சொல்கிறது, விற்பவர் சொல்வதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்றார்கள், அதற்குக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சாட்டையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது பழைய 100 மைக்ரோகிராமுக்குத் திரும்பிவிட்டேன். எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அந்த ஒரு மணி நேரம்தான் இந்த நோயிலேயே பெரிய தவம். இரும்புச் சத்து மாத்திரை ராத்திரி, இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். முடி கொட்டுவதற்குக் காரணம் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச் சத்தின் சேமிப்பு, குறைவு என்று டாக்டர் கண்டுபிடித்தார். அந்தப் பரிசோதனையை முதலிலேயே செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. தூள் உப்பு சமையலறைக்குத் திரும்பிவிட்டது. ஆறு வாரம் கழித்து எடுத்ததில் டி.எஸ்.எச். 11, அடுத்த ஆறு வாரத்தில் 3.4. குரல் திரும்பிவிட்டது, பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு விஷயம் பாக்கி. அந்த அம்மாவின் விளம்பரத்தில் என் ரிப்போர்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரை மட்டும் மறைத்திருக்கிறார்கள். 'மாத்திரை இல்லாமல் 75 நாளில் 1.9' என்று மேலே பெரிய எழுத்து. எடுக்கச் சொல்லி மூன்று தடவை எழுதியும் எடுக்கவில்லை. நீங்கள் பார்க்க நேர்ந்தால் வலது பக்கம் கீழ் மூலையைக் கவனியுங்கள், பழுப்பு நிறத்தில் டம்ளர் அடி வட்டமாக ஒரு கறை இருக்கும். காபியையும் நிறுத்திய 'வெற்றிக் கதை' என்று போட்டிருக்கிறார்களே, அந்தக் கறை என் காபி டம்ளருடையது.