கலாபகஸ்: கப்பலில் தங்குவதா, கரையில் தங்குவதா?

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் கிடக்கிறது கலாபகஸ் தீவுக்கூட்டம். அவ்வளவு தூரம் போவதென்று முடிவான பிறகும் ஒரு குழப்பம் மிஞ்சும்: எட்டு நாளும் கப்பலிலேயே படுத்து எழுவதா, ஊரில் அறை எடுத்துக்கொண்டு தினமும் படகேறுவதா?

கப்பலுக்குப் பலம் இரவுதான். நாம் தூங்கும்போது ஓடி, விடியும்போது வேறொரு தீவில் இறக்கிவிடும். வடகிழக்கே ஹெனோவேசா தீவின் சிவப்புக்கால் பூபி என்னும் கடற்பறவைகள், மேற்கே ஃபெர்னாண்டினா தீவில் பறக்க மறந்த நீர்க்காகங்கள், பாறையே தெரியாமல் குவிந்து கிடக்கும் கடல் இகுவானா என்னும் பெரிய பல்லிகள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க இதுதான் வழி. ஆனால் ஒரே கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாட்களுக்குள் திரும்பி வரக் கூடாது என்று தேசியப் பூங்கா விதி வைத்திருக்கிறது. அதனால் வழித்தடங்கள் பிரிந்து கிடக்கின்றன. ஒரு வாரத்தில் எல்லாத் தீவும் அமையாது. அறை எவ்வளவு சொகுசு என்று விசாரிப்பதற்கு முன் எங்கெங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

கரையில் தங்கினால் செலவு பாதிக்கும் கீழே இறங்கலாம். சான்டா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா மூன்றிலும் விடுதிகள் உண்டு. தீவு மாற வேகப்படகில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்க வேண்டும். வாந்தி மாத்திரை இல்லாமல் ஏறாதீர்கள்.

சரி, மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்கடியைப் பார்த்து நீந்தும் ஸ்நார்க்கல்தான் முக்கியம் என்றால்? அங்கே கரை இளைத்ததல்ல. சான் கிறிஸ்டோபலிலிருந்து போகும் கிக்கர் ராக், இரண்டாகப் பிளந்து நிற்கும் பாறை. அதன் இடுக்கில் நீந்தும்போது அதிர்ஷ்டம் இருந்தால் கீழே சுத்தியல்தலைக் கொம்பன் சுறா போகும். இசபெலாவின் லாஸ் துனெலெஸில் எரிமலைக் குழம்பு உறைந்த வளைவுகளுக்கிடையே கடலாமை, கடல்குதிரை, வெண்முனைச் சுறா என்று வரிசையாகப் பார்க்கலாம். படகுக்கே காசில்லை என்றாலும் அங்குள்ள கொன்ச்சா தே பெர்லாவில் சும்மா இறங்கினால் போதும், கடற்சிங்கம் விளையாட வந்துவிடும்.

எப்படிப் போனாலும் பூங்கா நுழைவுக் கட்டணம் ஒன்றுதான்: 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 200 டாலர். நிலநடுக்கோடு ஆயிற்றே என்று குளிர் தாங்கும் நீச்சலுடையான வெட்சூட்டை விட்டுவிடாதீர்கள்; ஜூன் முதல் நவம்பர் வரை தண்ணீர் நடுக்கும்.

பறவைப் பித்தர்கள் கடன் வாங்கியாவது கப்பலேறலாம். நானாக இருந்தால் கரையில் தங்கி நீந்திக்கொண்டே, சான்டா குரூஸின் புவேர்ட்டோ அயோரா ஊரில் கடைசி நேரத் தள்ளுபடியில் ஏதாவது கப்பலில் இடம் காலியா என்று தினமும் ஒரு நடை போய்க் கேட்டு வருவேன்.