28 கிகாஹெர்ட்ஸ் வடிகட்டித் தகடு: சதுர வளையமா, மின்கோவ்ஸ்கி மடிப்பா?

ஆன்டெனாவை மூடும் தகடே வடிகட்டியாகவும் இருக்க வேண்டும். 26.5 முதல் 29.5 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ளே விட வேண்டும், மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு எஃப்எஸ்எஸ் (அதிர்வெண்ணைத் தேர்ந்து கடத்தும் பரப்பு) தகடு வரையும்போது என் மேசையில் மூன்று வடிவங்கள் இருந்தன: சாதாரணச் சதுர வளையம், அதன் பக்கங்களை உள்நோக்கி மடித்த மின்கோவ்ஸ்கி வளையம், சியர்பின்ஸ்கி முக்கோணம். நான் எடுத்தது மின்கோவ்ஸ்கி. அதிலும் ஒரே ஒரு மடிப்போடு நிறுத்திக்கொண்டேன். ஏன் அங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

தாமிரப் பரப்பில் ஒரே வடிவத்தை வரிசையாகத் திரும்பத் திரும்ப வெட்டினால், அந்தப் பரப்பு சில அலைவரிசைகளை மட்டும் கடத்தும். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் துணைப் பிரதிபலிப்பான்கூட இந்தக் குடும்பம்தான்: எக்ஸ் அலைவரிசையைத் திருப்பியது, எஸ் அலைவரிசையைக் கடக்க விட்டது. இத்தகைய பரப்பில் ஃப்ராக்டல் வடிவத்தை (ஒரே வடிவம் தனக்குள்ளேயே சிறிதாகத் திரும்பத் திரும்ப வருவது) புகுத்தும் யோசனை 2000 வாக்கில் ரொமேயு, ரஹ்மத்-சமியி ஆகியோரின் ஆய்வுகளால் பரவலாகத் தெரிய வந்தது.

சியர்பின்ஸ்கியை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். முக்கோணத்துக்குள் பாதி அளவு முக்கோணம் என்று போகும் வடிவம் அது. அதனால் அதன் அலைவரிசைகளும் ஏறக்குறைய இரண்டிரண்டு மடங்கு இடைவெளியில்தான் விழும். 5ஜியில் ஒரே தகட்டுக்கு 28, 39 என இரண்டும் கேட்பார்கள். அந்த விகிதம் சுமார் 1.4. அளவுகளை மாற்றி விகிதத்தை வளைக்கலாம்தான். ஆனால் அவ்வளவு சிரமப்படுவதற்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுர வளையம் வரைவது எளிது, இரண்டையும் பெரும்பாலும் தனித்தனியே நகர்த்தவும் முடியும்.

சதுர வளையம் நல்ல வடிவம். நான் வேறு வழிக்குப் போனதால் அது மட்டம் என்று ஆகிவிடாது. சுற்றளவு ஒரு அலைநீளத்தை நெருங்கும்போது அது ஒத்ததிரும். 28 கிகாஹெர்ட்ஸில் வெட்டவெளி அலைநீளம் 10.7 மி.மீ. மின்காப்பு மாறிலி 2.2 கொண்ட ஆர்டி டூராய்டு 5880 மெல்லிய தகட்டில் இது சுமார் 8.5 மி.மீ. ஆகச் சுருங்கும், ஆக வளையத்தின் பக்கம் 2.1 மி.மீ. அடுத்தடுத்த வளையங்களின் மையங்களுக்கு இடையே 2.4 மி.மீ. வைத்தால், 40 மி.மீ. சதுர மூடியில் ஒரு வரிசைக்கு 16 வளையம் வரும். நேராக வரும் அலைக்கு இதுவே போதும்.

என் ஆன்டெனா கற்றையை 60 டிகிரி வரை திருப்பும். அந்தக் கோணத்தில் ஸ்லாட் வகைத் தகட்டில் (தாமிரத்தில் வெட்டிய மெல்லிய காடிதான் வளையம்), டிஇ முனைவாக்கத்துக்கு (மின்புலம் தகட்டுக்கு இணையாக இருப்பது) கடத்தும் பட்டை குறுகும், டிஎம்முக்கு (காந்தப்புலம் தகட்டுக்கு இணையாக இருப்பது) அகலும். எந்த வடிவமும் இதிலிருந்து தப்பாது. செல் (திரும்பத் திரும்ப வரும் ஒரு அலகு) சிறிதானால் மைய அதிர்வெண் கோணத்தோடு நகர்வது குறையும், அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்தின் நடு மூன்றில் ஒரு பங்கை, பக்க நீளத்தில் ஆறில் ஒரு பங்கு ஆழத்துக்கு உள்ளே மடித்தால் சுற்றளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். காகிதக் கணக்கில் வளையத்தின் பக்கம் 2.1லிருந்து 1.6 மி.மீ.க்கு இறங்குகிறது, வரிசைக்கு 21 வளையம் கொள்கிறது. எதிரெதிர் மடிப்புகளில் மின்னோட்டம் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்வதால் உண்மையில் இவ்வளவு சுருங்காது. பட்டையும் கொஞ்சம் குறுகும். இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்.

இனி அந்த இரண்டாவது மடிப்பு. கணினியில் அது அழகாக வரும், வளையத்தின் பக்கம் 1.2 மி.மீ.க்குச் சுருங்கும். ஆனால் முதல் மடிப்பில் மிகச் சிறிய படி 0.26 மி.மீ., இரண்டாவதில் அது 0.033 மி.மீ. சாதாரண பிசிபி எட்ச்சிங் (தாமிரத்தை அமிலத்தால் அரித்து வெட்டும் முறை) நம்பி வெட்டுவது 0.1 மி.மீ. வரைதான். ஸ்லாட்டின் அகலமே 0.1 மி.மீ. இருக்கும்போது 33 மைக்ரான் படி ஒன்று அதற்குள் கரைந்து காணாமல் போகும். நாம் வரைந்தது ஒன்று, வந்து சேர்வது ஓரம் நெளிந்த வேறொன்று.

மூலைகளை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சதுரத்துக்கு 4 மூலை, ஒரு மடிப்புக்கு 20, இரண்டு மடிப்புக்கு 100. அமிலம் எந்த மூலையையும் கூராக விடாது. 25 மைக்ரான் ஆரத்துக்கு உருண்டால் ஒரு மூலையில் பாதை சுமார் 11 மைக்ரான் குறையும். 20 மூலைக்கு 0.21 மி.மீ., அதாவது 2.5 சதவீதம். அதிர்வெண் பாதைநீளத்தோடு அப்படியே போகும் என்று வைத்தால் 0.7 கிகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். மடிப்புகள் பிணைந்திருப்பதால் எண் சற்று மாறலாம், திசை மாறாது. ஸ்லாட் அரிப்பில் அகன்றாலும் அதிர்வெண் மேலேதான் போகும். என் முதல் தகடு அப்படித்தான் ஏறி வந்தது. 20 மூலை என்றால் வரைபடத்திலேயே திருத்திவிடலாம். 100 மூலை என்றால் பிழை பட்டையின் மொத்த அகலமான 3 கிகாஹெர்ட்ஸையே தாண்டும், திருத்தப் பிடி கிடைக்காது.

தாமிரத்தையும் கவனிக்க வேண்டும். 28 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஓடும் தோல் ஆழம் 0.4 மைக்ரான்தான். சொரசொரப்பான தாமிரம் என்றால் இழப்பு கூடும். மடிப்பு கூடக்கூட மின்னோட்டம் குறுகிய இடங்களில் நெருங்குவதால் அந்த இழப்பு இன்னும் உறைக்கும். உருட்டிய, 18 மைக்ரான் தாமிரம் கேட்டு வாங்குங்கள். எஃப்ஆர்4 எனும் சாதாரண பிசிபி பலகையின் பக்கம் போகவே வேண்டாம், அதன் இழப்பு இந்த அதிர்வெண்ணுக்குத் தாங்காது.

60 கிகாஹெர்ட்ஸை நான் கணினியில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒற்றை மடிப்பின் படியே 0.12 மி.மீ., எட்ச்சிங் எல்லையை ஒட்டி நிற்கிறது. அந்த வேலை வந்தால் சதுர வளையத்துக்கே திரும்புவேன்.

28க்கு ஒற்றை மடிப்பை எடுப்பவர்கள் ஒரே பேனலில் மூன்று தகடுகளாக வெட்டச் சொல்லுங்கள்: வரைந்த அளவில் ஒன்று, 3 சதவீதம் பெரிதாக ஒன்று, 3 சதவீதம் சிறிதாக ஒன்று. மூன்றையும் அளந்தால் அந்தக் கடையின் அமிலம் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு 3 சதவீதம் பெரிதாக வெட்டியதே பொருந்தியது.