உறைமோருக்குக் கவசமா, பழக்கமா?

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் பந்தலில் மோர் ஊற்றுவோம். அதற்கென்று நல்ல உறைமோரை ஒரு மாதம் முன்பே எடுத்து ஐஸ்பெட்டியில் உறைய வைப்பேன். போன வருஷம் அதை எடுத்து ஊற்றியதில் தயிர் கட்டியாகத்தான் தோய்ந்தது. வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. அம்மா பாலைக் குறை சொன்னார். எனக்கு உறைமேல்தான் சந்தேகம்.

கடைத் தயிரில் பாலைத் தோய்க்கும் பாக்டீரியா இரண்டு கூட்டாளிகள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் உருண்டை. லாக்டோபேசிலஸ் பல்காரிக்கஸ் நீளக் குச்சி. வெளியே நீர் பனிக்கட்டியாகும்போது செல்லுக்குள்ளிருக்கும் நீரும் இழுபடுகிறது, உப்பு செறிகிறது, சவ்வு விறைக்கிறது. குச்சிக்குச் சவ்வுப் பரப்பு அதிகம், அடியும் அதிகம். கடும் புளிப்பும் அந்தத் தயிர் வாசமும் பெரும்பாலும் அதன் வேலை என்பதால், அது செத்தால் சப்புதான்.

காப்பாற்ற ஒரு வழி, கவசம். கொழுப்பு நீக்கிய பால்தூளை லிட்டருக்கு 100 கிராம் கரைத்து அதில் உறையைக் கலந்து உறைய வைப்பது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை இன்னும் கெட்டி; நீர் போன இடத்தில் சவ்வைத் தாங்கிப் பிடிக்கும். விலைதான் கடிக்கும்.

இன்னொன்று பழக்கம். தோய்ந்ததும் உள்ளே தள்ளாமல் சற்றுப் புளிக்க விட்டு, சூட்டையும் இறக்குவது. லேசான நெருக்கடியில் பாக்டீரியா தன் சவ்வின் கொழுப்பு அமிலங்களை மாற்றிக்கொள்கிறது, பாதுகாப்புப் புரதங்களைச் சேர்த்துக்கொள்கிறது. செலவு இல்லை, ஆனால் கை தவறினால் அதே புளிப்பே கொன்றுவிடும். பினாங்கு வெயிலில் அந்த நேரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

ஆல்ஜினேட் என்ற கடற்பாசிப் பசையைக் கால்சியத்தில் மணிகளாக்கி, பாக்டீரியாவை அதற்குள் அடைப்பதும் உண்டு. வயிற்று அமிலத்தைத் தாண்ட வேண்டிய புரோபயாட்டிக்குக்கு, அதாவது உடம்புக்கு நல்லதென்று உட்கொள்ளும் பாக்டீரியாவுக்கு, அது சரி. உறைக்கு வேண்டாம், உள்ளே அடைபட்டது பாலைத் தோய்க்க மெதுவாகும். மரபணு மாற்றிப் பாக்டீரியாவையே ட்ரெஹலோஸ் செய்ய வைத்திருக்கிறார்கள். மலேசியாவில் அதை விற்பதென்றால் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் வாங்க வேண்டும். மோர்ப் பந்தலுக்கு அவ்வளவு வம்பு எதற்கு?

என் ஓட்டு பால்தூளுக்கே. பழக்கம் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் அளவுகருவி இருக்கிற தொழிற்சாலைக்கே அது நம்பகம். இந்த முறை அரைமணி புளிக்க விட்டு, பால்தூளும் கலந்து, ஐஸ் தட்டில் கட்டிகளாக வைத்திருக்கிறேன். அம்மா அவற்றைக் குல்ஃபி என்று நினைத்து ஒன்றைத் தின்றுவிட்டார்.